மல்யுத்த நிகழ்ச்சியைப் பிள்ளைகளுடன் பார்க்கலாமா? பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் பள்ளிக்குப் போனவர்களுக்கு 'அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர்' என்று, டபிள்யூ.டபிள்யூ.இ. என்ற அமெரிக்க மல்யுத்த நிகழ்ச்சியின் வீரர் ஒருவரைப் பற்றி உலவிய செய்தியை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வீரர்களின் படம் போட்ட டிரம்ப் கார்டு கட்டை வைத்துக்கொண்டு உயரம், எடை, மார்பளவு என்று ஒப்பிட்டு விளையாடிய தலைமுறை அது. அந்தப் பிள்ளைகள் இன்று பெற்றோர். அவர்களுடைய பிள்ளைகள் இப்போது அதே டபிள்யூ.டபிள்யூ.இ. நிகழ்ச்சியைக் கைப்பேசியிலும் நெட்ஃபிளிக்ஸிலும் பார்க்கிறார்கள். 'நாங்களும் பார்த்துத்தானே வளர்ந்தோம், என்ன கெட்டுவிட்டது?' என்று ஒரு பக்கம் கேட்கிறார்கள். 'அடிதடியைக் குழந்தைக்குக் காட்டுவதா?' என்று மறுபக்கம் கேட்கிறார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையுடன், தேர்ந்தெடுத்த பகுதிகளை, பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். பிள்ளையைத் தனியாக விட்டுப் பார்க்கச்சொல்லக் கூடாது. இதைச் செயல்படுத்த என்னென்ன செய்ய வேண்டும் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: நீங்கள் பார்ப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

குழந்தைக்கு விளக்குவதற்கு முன் நமக்குத் தெளிவு வேண்டும். இந்த நிகழ்ச்சியில் யார் வெல்வார் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டுவிடுகிறது. நிகழ்ச்சியை நடத்தும் நிறுவனமே இதை ஒளிக்கவில்லை. 1989-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபடுவதற்காக, இது போட்டியல்ல, கேளிக்கை என்று அந்த நிறுவனத்தின் தரப்பே ஒப்புக்கொண்டது. அன்றிலிருந்து இது வெளிப்படையான செய்தி.

ஆனால் 'எல்லாம் பொய்' என்று குழந்தையிடம் சொல்லி முடித்துவிடாதீர்கள். அதுவும் தவறு, ஆபத்தும்கூட. முடிவுதான் எழுதப்பட்டது, உடம்பு விழுவது உண்மை. மேடைக்கு அடியில் இரும்புச் சட்டமும் மரப்பலகையும் இருக்கின்றன. அவற்றின்மேல் மெல்லிய பஞ்சுப் பரப்பும் துணியும். அவ்வளவுதான். 1997-இல் ஸ்டீவ் ஆஸ்டின் என்ற வீரர் தலைகீழாகப் பிடிக்கப்பட்டு விழுந்தபோது கழுத்தில் பலத்த காயம் அடைந்தார். பிறகு அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. 2003-இல் முழுநேர ஆட்டத்திலிருந்து விலகினார். 1999 மே மாதம் கான்சாஸ் நகரில், அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கிவரும்போது ஓவன் ஹார்ட் என்ற வீரர் தவறி விழுந்து இறந்தார். இருவருமே பல ஆண்டுகள் பயிற்சி பெற்றவர்கள்.

நம் ஊர்த் தெருக்கூத்தை நினைத்துப்பாருங்கள். படுகளத்தில் துரியோதனன் விழப்போகிறான் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறோம். ஆடுபவரின் உழைப்பையும் மதிக்கிறோம். கதை எழுதப்பட்டது, உழைப்பு உண்மையானது: இந்த இரண்டையும் சேர்த்தே குழந்தைக்குச் சொல்ல வேண்டும். முதலாவதை மட்டும் சொன்னால் 'பொய்தானே, நாமும் செய்யலாம்' என்று தோன்றும். இரண்டாவதை மட்டும் சொன்னால், நிஜமாகவே ஒருவரை ஒருவர் கொல்லப்பார்க்கிறார்கள் என்று பயப்படும்.

படி 2: எந்தக் காலத்து நிகழ்ச்சி என்று கவனியுங்கள்

பெற்றோர் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். 'டபிள்யூ.டபிள்யூ.இ. பார்க்கலாமா' என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது, ஏனெனில் அது ஒரே நிகழ்ச்சி அல்ல.

1997 முதல் ஏறத்தாழ 2002 வரையிலான காலத்தில் அவர்கள் வளர்ந்த ஆண்களைக் குறிவைத்தார்கள். பீர் குடிப்பது, ஆபாசச் சைகை, மேடையில் கெட்ட வார்த்தை எல்லாம் அன்றாடக் காட்சிகள். பெண்கள் ஒருவர் உடையை ஒருவர் கழற்றுவதே 'போட்டி' என்று நடத்தப்பட்ட காலம் அது. இரும்பு நாற்காலியால் தலையில் நேரடியாக அடிப்பதும் சாதாரணம். 1998-இல் பிட்ஸ்பர்க் நகரில் இரும்புக் கூண்டின் உச்சியிலிருந்து மிக் ஃபோலி என்ற வீரரை அண்டர்டேக்கர் கீழே தள்ளிய காட்சி இன்றும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

2007-இல் கிறிஸ் பென்வா என்ற வீரர் தன் மனைவியையும் மகனையும் கொன்று தானும் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய மூளையை ஆராய்ந்தவர்கள் தலையில் திரும்பத் திரும்பப் பட்ட அடிகளால் ஏற்பட்ட கடும் பாதிப்பைக் கண்டார்கள். 2008-இல் நிகழ்ச்சி, பெற்றோர் வழிகாட்டுதலுடன் சிறுவர்களும் பார்க்கலாம் என்ற தரத்துக்கு மாறியது. ரத்தம் வந்தால் ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரை அழைக்கும் வழக்கம் வந்தது. 2010-இல் நாற்காலியால் தலையில் அடிப்பது தடைசெய்யப்பட்டது.

அதற்காக இப்போது வருவதெல்லாம் பால்வாடிப் பிள்ளைக்கு ஏற்றது என்று நினைத்துவிட வேண்டாம். அண்மை ஆண்டுகளில் பிடி மறுபடியும் தளர்ந்திருக்கிறது. 2024 மார்ச்சில் சிகாகோவில் மழையில் வைத்து தி ராக், கோடி ரோட்ஸை ரத்தம் வரும்வரை அடித்த காட்சி வாராந்திர நிகழ்ச்சியிலேயே வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் சி.எம். பங்க், ட்ரூ மெக்கின்டயர் மோதிய கூண்டு ஆட்டத்திலும் ரத்தம் வழிந்தது. வசைச் சொற்களும் முன்பைவிட அதிகம்.

ஆகவே ஒரு காணொளியைத் திறக்கும் முன் அதன் ஆண்டைப் பாருங்கள். யூடியூபில் பழையதும் புதியதும் அடுத்தடுத்து ஓடும். குழந்தை 2019 காட்சியில் தொடங்கினால், தானியங்கி முறை மூன்றாவது காணொளியில் 1999-க்குக் கொண்டுபோய்விடும்.

படி 3: வயதை வைத்து முடிவெடுங்கள்

ஆறு வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். அந்த வயதில் திரையில் விழுந்தவர் எழுந்தாரா இல்லையா என்பதே குழந்தைக்குப் பெரிய கவலை. சவப்பெட்டிக்குள் அடைப்பது, முகமூடி அணிந்து இருட்டில் தோன்றுவது போன்ற காட்சிகள் இரவில் தூக்கத்தைக் கெடுக்கும்.

ஆறிலிருந்து எட்டு வரை, நீங்கள் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுத்த சிறு துண்டுகள் போதும்: வீரர்கள் இசையோடு நுழையும் காட்சி, இருவர் அணிகளின் வேடிக்கையான ஆட்டம். இந்த வயதுக் குழந்தைக்குக் கதை எது, நிஜம் எது என்ற கோடு இன்னும் உறுதியாகவில்லை. 'நடிப்பு' என்று சொன்னால் தலையாட்டும்; ஐந்து நிமிடத்தில் மறந்துவிடும்.

எட்டிலிருந்து பன்னிரண்டு வரைதான் சேர்ந்து பார்க்கச் சிறந்த காலம். புரியும், கேள்வி கேட்கும், நம் பக்கத்தில் உட்காரவும் விரும்பும். அதற்கு மேல் அவர்களே தேடிப் பார்ப்பார்கள். அப்போது தடையைவிட நீங்கள் ஏற்கெனவே பேசிவைத்த பேச்சு உதவும்.

ஒரே வீட்டில் பத்து வயதும் நான்கு வயதும் இருந்தால் சின்னப் பிள்ளையின் வயதுதான் கணக்கு. பெரியவனுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள்.

படி 4: கருவியைச் சரிசெய்யுங்கள்

இது பத்து நிமிட வேலை. இந்தியாவில் 2025 ஏப்ரலிலிருந்து டபிள்யூ.டபிள்யூ.இ. நிகழ்ச்சிகள் நெட்ஃபிளிக்ஸில் வருகின்றன. குழந்தைக்குத் தனிப் புரொஃபைல் உருவாக்கி, அதில் வயது வரம்பைக் குறையுங்கள். 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி இந்தியாவில் இணையத் தளங்கள் தங்கள் நிகழ்ச்சிகளை யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று பிரித்துக் காட்ட வேண்டும். அந்த எழுத்தை நிகழ்ச்சி தொடங்கும்போது பாருங்கள். குறிப்பிட்ட நிகழ்ச்சியை மட்டும் அந்தப் புரொஃபைலில் தடுக்கும் வசதியும் அமைப்புகளில் இருக்கிறது. உங்கள் புரொஃபைலுக்கு நான்கு இலக்க எண் பூட்டு போடுங்கள். இல்லையென்றால் மற்றதெல்லாம் வீண். யூடியூபில் தானாக அடுத்த காணொளி ஓடுவதை நிறுத்திவையுங்கள்.

படி 5: நீங்கள் முதலில் பாருங்கள்

நேர வித்தியாசம் இங்கே நமக்குச் சாதகம். அமெரிக்காவில் திங்கள் இரவு நடக்கும் வாராந்திர நிகழ்ச்சியான 'ரா' நமக்குச் செவ்வாய் அதிகாலை. வெள்ளி இரவு 'ஸ்மாக்டவுன்' நமக்குச் சனி காலை. எப்படியும் பள்ளி நாளில் குழந்தை அதை நேரலையில் பார்க்கப்போவதில்லை. மாலைக்குள் என்ன நடந்தது என்பது செய்தியாக வந்துவிடும். பதிவை வேகமாக ஓட்டிப் பார்த்து, எதைக் காட்டலாம் என்று குறித்துக்கொள்ளலாம். முடிவு தெரிந்துவிடுமே என்று கவலைப்படாதீர்கள். தெரிய வேண்டியது உங்களுக்குத்தான், குழந்தைக்கு அல்ல.

ஆட்டத்தின் பெயரே பாதி எச்சரிக்கை. 'ஹெல் இன் எ செல்', 'லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங்', 'ஸ்ட்ரீட் ஃபைட்', 'ஐ க்விட்', 'நோ டிஸ்குவாலிஃபிகேஷன்' என்ற பெயர்கள் வந்தால் நாற்காலி, மேசை, கம்பு எல்லாம் வரும் என்று பொருள். ஒருவரை 'விட்டுவிடு' என்று கெஞ்சவைப்பதே 'ஐ க்விட்' ஆட்டத்தின் நோக்கம். அதை எந்த வயதுப் பிள்ளைக்கும் நான் காட்டமாட்டேன்.

குடும்பத்தோடு தொடங்க மிக நல்லது 'ராயல் ரம்பிள்'. 1988-இல் தொடங்கியது, ஜனவரி மாத வழக்கம். முப்பது பேர் ஒருவர்பின் ஒருவராக உள்ளே வருவார்கள். ஒவ்வொரு முறையும் அரங்கமே பத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணும். மேல் கயிற்றைத் தாண்டி வெளியே விழுந்து இரு கால்களும் தரையில் பட்டால் அவுட். பிடித்து அமுக்குவதைவிடத் தள்ளுவதும் தப்பிப்பதும்தான் அதிகம். அடுத்து வருபவர் யார் என்று வீட்டில் ஆளுக்கொரு பெயர் சொல்லிப் பார்க்கலாம், பாட்டிகூடச் சேர்ந்துகொள்வார்.

படி 6: பார்க்கும்போது வித்தையைத் திறந்து காட்டுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். ஓர் ஆட்டத்தை நிறுத்தி நிறுத்தி, அது எப்படிச் செய்யப்படுகிறது என்று குழந்தையையே கண்டுபிடிக்கவையுங்கள்.

ஒருவர் இன்னொருவரைக் குத்தும்போது முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்க்கச் சொல்லுங்கள். கை முகத்தருகே போகும் அதே நொடியில் கால் மேடையை ஓங்கி மிதிக்கும். நமக்குக் கேட்கும் 'தட்' சத்தம் பெரும்பாலும் அந்தக் காலிலிருந்து வருகிறது. உதைக்கும்போது கையைப் பார்க்கச் சொல்லுங்கள். தன் தொடையிலேயே தட்டிக்கொள்வார். தூக்கி எறியப்படுபவரைப் பாருங்கள்: தூக்கப்படும் முன் அவரே முழங்கால் மடக்கிக் குதிக்கிறார். விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, மேல்முதுகு முழுவதும் தரையில் படும்படி, இரு கைகளையும் விரித்து மேடையில் அறைகிறார். பின்மண்டை தரையில் படாமல் இருக்க அதுதான் வழி. அதைப் பழகவே மாதக்கணக்கில் ஆகும்.

கழுத்தைப் பிடித்துக்கொண்டு இருவரும் அசையாமல் இருக்கும் நேரம் வரும். அப்போது ஒருவர் வாய் மற்றவர் காதருகே மறைந்திருக்கும். அடுத்து என்ன செய்வது என்று பேசிக்கொள்கிறார்கள். நடுவர் குனிந்து விழுந்தவரின் கையைப் பிடிப்பார். அவர் திரும்ப அழுத்தினால் நலமாக இருக்கிறார் என்று அர்த்தம். நிஜமாகவே காயம் பட்டுவிட்டால் நடுவர் இரு கைகளையும் தலைக்கு மேலே பெருக்கல் குறிபோலக் கட்டிக் காட்டுவார்.

இதையெல்லாம் பார்த்தபின் குழந்தையின் கேள்வி மாறும்.

"அப்பா, அப்படியென்றால் அவர்கள் இரண்டு பேரும் எதிரிகள் இல்லையா?"

"இல்லை கண்ணா. ஒருவர் மற்றவர் உடம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார்."

"அப்போது வலிக்காதா?"

"வலிக்கும். விழுந்தால் வலிக்கத்தானே செய்யும்? அதற்காகத்தான் அவ்வளவு நாள் பழகுகிறார்கள்."

ரகசியம் தெரிந்தால் சுவை போய்விடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். நேர் எதிராகத்தான் நடக்கும். எதிராளி தன்னைப் பிடிப்பான் என்று நம்பி உயரத்திலிருந்து குதிப்பவரைப் பார்த்து, ஏழாம் வகுப்புப் பிள்ளை வியந்துபோவான். அடிப்பவன் பெரியவன் என்ற எண்ணம் போய், தாங்குபவன் திறமைசாலி என்ற எண்ணம் வரும். அந்த ஒரு மாற்றத்துக்காகவே சேர்ந்து பார்க்கலாம் என்கிறேன்.

படி 7: அடியைவிடப் பேச்சைக் கவனியுங்கள்

பெற்றோர் அடிக்குப் பயப்படுகிறார்கள். என் கவலை ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசும் பகுதிகளைப் பற்றியது. எதிராளியின் உடலை, ஊரை, குடும்பத்தை இழிவுபடுத்திப் பேசி, ஆயிரக்கணக்கானோர் ஆரவாரம் செய்வதைப் பார்க்கும் பிள்ளை, மறுநாள் வகுப்பில் கண்ணாடி போட்ட பையனிடம் அதே தொனியில் பேசும். ஆங்கிலம் புரியாது என்று நினைக்காதீர்கள். தொனிக்கு அகராதி தேவையில்லை. கூட்டம் எப்போது கத்துகிறது என்பதைக் குழந்தை நன்றாகக் கவனிக்கிறது.

வேற்று நாட்டவர் வில்லனாக வருவது இதில் பழைய பழக்கம். 2005-இல் இத்தாலிய வம்சாவளி நடிகர் ஒருவருக்கு அரபு அமெரிக்கர் வேடம் கொடுத்து, முகமூடி அணிந்த ஆட்கள் புடைசூழத் தாக்கும் காட்சி எடுத்தார்கள். லண்டன் குண்டுவெடிப்பு நடந்த அதே ஜூலை 7 அன்று அது அமெரிக்காவில் ஒளிபரப்பாகி, கடும் எதிர்ப்பு கிளம்பி, அந்தப் பாத்திரமே நீக்கப்பட்டது. நம் நாட்டுக்காரரான தி கிரேட் காளியையும் 2006-இல் பேச்சற்ற ராட்சதனாகத்தான் அறிமுகப்படுத்தினார்கள். இமாச்சலப் பிரதேசத்தில் ஒரு சிற்றூரில் பிறந்து, பஞ்சாப் காவல்துறையில் பணியாற்றி, 2007-இல் உலக ஹெவிவெயிட் பட்டம் வென்றவர் அவர். 'இவரை ஏன் இப்படிக் காட்டுகிறார்கள்?' என்று பிள்ளையிடம் கேளுங்கள். பதில் உடனே வராவிட்டாலும் கேள்வி மனத்தில் தங்கும்.

பெண்கள் விஷயத்தில் மாற்றம் உண்மையிலேயே நல்ல மாற்றம். 2018-இல் பெண்களுக்கான முதல் ராயல் ரம்பிளை ஜப்பானின் அசுகா வென்றார். 2019-இல் அவர்களுடைய பெரிய ஆண்டு நிகழ்ச்சியான ரெசில்மேனியாவின் இறுதி ஆட்டமே பெக்கி லின்ச், ரோண்டா ரௌசி, ஷார்லட் ஃபிளேர் ஆகிய மூன்று பெண்களுடையது. மகள் இருக்கும் வீட்டில் இதைத் தவறவிடாதீர்கள். மகன் இருக்கும் வீட்டிலும்தான்.

திரைக்கு வெளியே நடந்ததையும் சொல்லுங்கள். தீவிர நோயுற்ற குழந்தைகளின் ஆசையை நிறைவேற்றும் மேக்-எ-விஷ் அமைப்பின் வழியாக வீரர் ஜான் சீனா 650-க்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சந்தித்திருக்கிறார். மேடையில் உறுமுபவர் வேடம் போட்டவர்தான் என்பதை இதைவிட எளிதாக விளக்க முடியாது.

படி 8: வீட்டு விதியை முன்கூட்டியே சொல்லுங்கள்

விதி ஒன்றுதான்: பார்க்கலாம், யார்மீதும் செய்துபார்க்கக் கூடாது. மெத்தையிலும் கூடாது, விளையாட்டுக்கும் கூடாது. தம்பி 'சரி' என்று சொன்னாலும் கூடாது.

காரணத்தையும் சொல்லுங்கள். எறிபவரைவிட விழுபவருக்குத்தான் அதிகப் பயிற்சி வேண்டும். தம்பிக்கு விழத் தெரியாது. கழுத்தை நெரிப்பது, தலைகீழாகத் தூக்குவது, உயரத்திலிருந்து ஒருவர்மேல் குதிப்பது ஆகிய மூன்றையும் பெயர் சொல்லித் தடைசெய்யுங்கள். பொதுவாக 'சண்டை போடாதே' என்றால் பிள்ளைக்கு உறைக்காது. 1999-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பன்னிரண்டு வயதுச் சிறுவனிடம் விடப்பட்டிருந்த ஆறு வயதுச் சிறுமி பலத்த காயங்களால் இறந்தாள். தொலைக்காட்சி மல்யுத்தத்தைப் பார்த்து விளையாடியதில் நேர்ந்தது என்று அவன் வழக்கறிஞர்கள் வாதிட்டார்கள். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சிறுவனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் மேல்முறையீட்டில் ரத்தானது. அந்த வாதம் உண்மையோ இல்லையோ, அந்த இரு குழந்தைகளுடன் பெரியவர் யாரும் விழித்துக் கவனித்துக்கொண்டிருக்கவில்லை என்பதே என்னை உலுக்குகிறது. இந்தச் செய்தியைச் சிறு பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம். நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பில் துறுதுறுப்பு இருக்கும் பிள்ளையை வெறுமனே அடக்கவும் முடியாது. கபடி, ஜூடோ, ஜிம்னாஸ்டிக்ஸ், எது அருகில் கிடைக்கிறதோ அதில் சேர்த்துவிடுங்கள். ஜூடோவில் முதலில் கற்றுத்தருவதே விழும் முறைதான்.

படி 9: எப்போது நிறுத்துவது

தூக்கத்தில் அலறுதல், தம்பி தங்கையின் கழுத்தைப் பிடித்தல், தோற்றவரைப் பார்த்து ஏளனமாகச் சிரித்தல், நிகழ்ச்சியை நிறுத்தினால் அடங்காத கோபம். இவற்றில் ஒன்று தொடர்ந்து தென்பட்டாலும் ஒரு மாதம் நிறுத்துங்கள். தண்டனையாக அறிவிக்காமல், 'இப்போது கொஞ்ச நாள் வேண்டாம்' என்று சொல்லி, அந்த நேரத்தில் வேறு ஒன்றைச் சேர்ந்து பாருங்கள். கிரிக்கெட்டோ கபடியோ இருக்கவே இருக்கிறது.

கோடை விடுமுறையில் பெரியம்மா வீட்டுக்கோ மாமா வீட்டுக்கோ பிள்ளையை அனுப்பும்போது உங்கள் விதியை அங்கிருக்கும் பெரியவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வயது வித்தியாசமுள்ள பிள்ளைகள் ஐந்தாறு பேர், பெரியண்ணன் கையில் கைப்பேசி, கூடத்தில் விரித்த பாய், மதியத் தூக்கத்தில் பெரியவர்கள்: இதைத்தான் குறிப்பாகத் தவிர்க்கச் சொல்ல வேண்டும்.